பள்ளியும் படக்கருவியும்

மாயாபந்தரிலிருந்து தலைநகருக்குப் பெருஞ்சாலை வழியாகச் செல்லும் நம்மவர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. மிடில் ஸ்ட்ரெயிட் சாவடியில் பேருந்துகளும் பார வண்டிகளும் வரிசையாகக் காத்து நிற்கும். குறித்த நேரம் வந்தவுடன் காவலர் துணைவர, அவை ஒன்றன்பின் ஒன்றாக ஜாரவா மக்களின் காட்டுக்குள் நுழையும். ஜிர்க்காடாங் சாவடி வரையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்கு எவரும் வண்டியை நிறுத்தலாகாது, தின்பண்டம் எறியலாகாது, படம் எடுக்கலாகாது. இவ்விதியை நம் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்னரே அறிந்து கொள்கிறார்கள். கைப்பேசியைப் பைக்குள் வைக்கும்படி தாய் சொன்னால், ஏன் என்று கேளாமல் வைத்து விடுகிறார்கள்.

இவ்விதி எவ்வாறு இறுகியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956 ஆம் ஆண்டிலேயே இத்தீவுகளில் ஏற்பட்டு விட்டது. ஆயினும் 2012 ஆம் ஆண்டு சனவரியில், ஜாரவாப் பெண்கள் சிலரை உணவு காட்டி ஆடச் சொல்லும் ஒரு நிகழ்படம் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக உலகெங்கும் பரவியது. நாடே தலைகுனிந்தது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, அவர்களைப் படமெடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வலுப்பெற்றது. 2013 சனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அச்சாலையிற் செல்வதையே சில வாரங்களுக்குத் தடுத்து வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மக்களை இழிவு செய்ததும் ஒரு நிகழ்படமே. அவ்விழிவை உலகுக்கு அறிவித்துச் சட்டத்தை இறுகச் செய்ததும் அதே நிகழ்படமே. இந்த இருமுகத் தன்மையை மனத்தில் இருத்திக் கொண்டு, நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடத்தின் வாயிலுக்கு வருவோம்.

நூலகத்துக்கு வந்த தந்தை

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நம் சங்கத்து வாசகசாலையில் பத்திரிகைகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது, படகுத் துறையிலே வேலை செய்யும் அன்பர் ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். பையன் எட்டாம் வகுப்பு மாணவன்; வயது 13. தந்தையின் பழைய கைப்பேசி ஒன்று மகனிடம் இருந்தது. அதிலே 40 விநாடி ஓடும் ஒரு நிகழ்படம். வீட்டுக் கணக்கு எழுதி வாராத ஒரு மாணவனை ஆசிரியர் பிரம்பால் அடிக்கிறார். அடியோடு நில்லாமல் அவன் குடும்பத்தையும் இழித்துப் பேசுகிறார். வகுப்பு சிரிக்கிறது. படமெடுத்த பையனின் சிரிப்பொலியும் அதில் கேட்கிறது.

“அண்ணாச்சி, இதை வச்சிக்கிறதா, அழிச்சிடறதா? பள்ளிக்கூடத்துல யாரு எடுத்தான்னு கேக்கறாங்களாம். போலீசைக் கூப்பிடுவோம்னு சொன்னாங்களாம். பொழைக்க வந்த இடத்துல வழக்கு வம்புன்னு ஆயிடுமோ?” என்று அத்தந்தை கேட்டார்.

பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இங்கே வேண்டா. அவ்வினா ஒரு தந்தையின் வினா மட்டுமன்று. தாய்நிலம் விட்டு வந்து, இந்தியும் வங்கமும் தெலுங்கும் கரேன் மொழியும் கலந்து ஒலிக்கும் வகுப்பறைகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் குடும்பங்கள் அனைத்தின் வினாவுமாகும். அதிகாரிகளின் மொழி நமக்கு முழுவதும் வாராது. சட்டமோ இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆகவே அச்சம் முந்திக் கொள்கிறது.

சென்னையிலிருந்து கடலடியே இழுக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள தந்திவடம் 2020 ஆகஸ்டு 10 ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. நம் மாவட்டத்து ரங்கத்திலும் அது கரையேறுகிறது. அதற்கு முன் ஒரு புகைப்படத்தை ஊருக்கு அனுப்ப இரவெல்லாம் காத்திருந்தவர் நாம். இன்று ஒரு வகுப்பறையில் நிகழ்வது, மணி அடிப்பதற்குள் இராமநாதபுரத்து உறவினர் கைக்குப் போய்ச் சேர்கிறது. வசதி விரைந்து வந்தது. அதற்குரிய விவேகம் அதே விரைவில் வரவில்லை.

படம் செய்த நன்மை

மாணவர் கையிற் படக்கருவி இருப்பது தீமையே என்று ஒரே சொல்லில் முடிப்பவர் உளர். அது முழு உண்மையன்று.

2022 ஆகஸ்டில் ஜார்க்கண்டு மாநிலம் கோட்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பன்னிரண்டு வயதளவுள்ள சிறுவன் ஒருவன் செய்தியாளரைப் போல நடித்து ஒரு நிகழ்படம் வெளியிட்டான். காலியான குளிர்பானப் புட்டியைக் குச்சியில் மாட்டியதே அவனுடைய ஒலிவாங்கி. ஆசிரியர் வாராமையையும், பாழ்பட்ட அறைகளையும், பயன்படுத்தவியலாத கழிப்பிடத்தையும் அவன் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினான். பார்த்தவர் சிரித்தனர்; பிறகு சிந்தித்தனர். விசாரணை நடந்தது, ஆசிரியர் இருவர் பணியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டனர். பல ஆண்டு விண்ணப்பங்களால் நடவாதது ஒரு சிறுவனின் விளையாட்டால் நடந்தது.

உத்தரப்பிரதேசத்து மிர்ச்சாப்பூர் மாவட்டத்தில் 2019 ஆகஸ்டில் நடந்தது வேறு வகை. ஓர் அரசினர் தொடக்கப் பள்ளியில் நண்பகல் உணவாகக் குழந்தைகளுக்கு ரொட்டியும் உப்பும் மட்டுமே தரப்பட்டதைப் பவன் ஜெய்ஸ்வால் என்னும் செய்தியாளர் படமெடுத்தார். உணவுக் குறையை விசாரித்த கையோடு, படமெடுத்தவர் மீதே போலீசார் சதி, மோசடி முதலிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தனர். பத்திரிகை உலகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர்மேற் குற்றமில்லை என்று போலீசாரே தெரிவித்தனர். ஆயினும் இடைப்பட்ட மாதங்களின் அலைச்சலை யார் ஈடு செய்வார்? அவர் 2022 இல் நோயால் மறைந்தார்.

குறை கண்டவனைக் குற்றவாளியாக்கும் வழக்கம் எங்கெல்லாம் வேரூன்றுகிறதோ அங்கெல்லாம் குறை வளரும். ஆதலின், “யார் எடுத்தது?” என்னும் கேள்வி, “நடந்தது உண்மையா?” என்னும் கேள்விக்கு முன் வரலாகாது. இது பள்ளி அதிகாரிகள் மனங்கொள்ள வேண்டிய முதற்பாடம்.

படம் செய்த தீங்கு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

2022 அக்டோபரில் நம் சிதம்பரத்திலே, பேருந்து நிழற்குடை ஒன்றில் பள்ளிச் சீருடை அணிந்த மாணவியின் கழுத்தில் ஒரு மாணவன் தாலி கட்டுவது போன்ற நிகழ்படம் ஊரெங்கும் பரவியது. அறியாப் பருவத்துச் செயல் அது. வீட்டாரும் ஆசிரியரும் அழைத்துப் பேசியிருந்தால் அன்றைக்கே அடங்கியிருக்கும். அதனைப் படமெடுத்தும் பரப்பியும், நாடறியச் செய்தவர்கள் ஒரு பெண்பிள்ளையின் பெயரையும் படிப்பையும் பற்றிக் கணமேனும் எண்ணினார்களா? அதைப் பரப்பியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆனால் பரவியது திரும்பி வருமா? கொட்டிய பாலை அள்ள முடியுமா?

2023 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் நடந்ததில் இரு பக்கங்களும் ஒன்றாய்க் கலந்திருந்தன. வாய்ப்பாடு ஒப்பிக்காத ஒரு முஸ்லிம் சிறுவனை, உடன் பயிலும் பிள்ளைகளைக் கொண்டே ஒருவர்பின் ஒருவராகக் கன்னத்தில் அறையச் செய்தார் ஓர் ஆசிரியை. சிறுவனின் உறவினர் அதனைப் படமெடுத்தார். அப்படம் இல்லையேல் அக்கொடுமை நான்கு சுவர்களுக்குள் புதைந்திருக்கும். உச்ச நீதிமன்றம் அதனைக் கையிலெடுத்து, அரசின் மனச்சாட்சியையே அது உலுக்க வேண்டும் என்று கடிந்தது. அதே சமயத்தில், சிறுவனின் முகம் தெரியப் படத்தைப் பரப்பியதாகச் செய்தி ஆய்வாளர் ஒருவர் மீதும் வழக்குப் பதிவாயிற்று.

அவ்வழக்கில் நீதிமன்றம் செய்த ஒன்று நம் நெஞ்சிற் பதியத்தக்கது. அடிபட்ட சிறுவனுக்கு மட்டுமின்றி, அடிக்குமாறு ஏவப்பட்ட பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை அளிக்குமாறு அது பணித்தது. கொடுமையைக் காண்பதும், அதிற் பங்கு கொள்ளச் செய்யப்படுவதும் இளமனத்தை ஒருவாறு காயப்படுத்துகின்றன என்பதே இதன் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவ்வாறன்று. 1962 ஆம் ஆண்டில், இரவில் வீடு தேடி வந்து கதவைத் தட்டும் போலீசாரை எதிர்த்துக் கரக் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மையினர் கருதினர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். 1994 இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டென்று அந்நீதிமன்றமே கூறியது. இறுதியில் 2017 ஆகஸ்டு 24 ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21 ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். படகுத் துறைத் தொழிலாளியின் மகனுக்கும் அவ்வுரிமை உண்டு.

குழந்தைகளைப் பொறுத்தவரை சட்டம் மேலும் கண்டிப்பானது. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு, குற்றத்துக்கு ஆளான குழந்தை, குற்றம் கண்ட குழந்தை, குற்றம் புரிந்ததாகச் சொல்லப்படும் குழந்தை ஆகிய எவர் பெயரையும், முகவரியையும், பள்ளியையும், அடையாளம் காட்டும் பிற விவரங்களையும் வெளியிடலாகாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பத்திரிகைக்கு மட்டும் உரிய விதி இதுவென்று எண்ண வேண்டா. வேறு எவ்வகைத் தொடர்புச் சாதனத்துக்கும் இது பொருந்தும்.

ஒருவர் ஆடை மாற்றும் இடம், கழிப்பிடம் முதலியவற்றில் அவருடைய மறைவுறுப்புகளை இசைவின்றிப் படமெடுத்தலும் அனுப்புதலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படமாயின், 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பாயும். அத்தகைய படத்தைக் கைப்பேசியில் வைத்திருத்தலே குற்றமாகலாம் என்று சென்னையில் எழுந்த வழக்கொன்றில் 2024 செப்டம்பர் 23 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. விளையாட்டாய் அனுப்பினேன் என்பது அங்கே விடையாகாது.

பள்ளிக்கும் இதிற் பொறுப்புண்டு. 2023 ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வர வகை செய்யப்பட்டுள்ளது. ஆண்டு விழாவில் ஆடிய குழந்தையின் படத்தைப் பள்ளி தன் முகநூற் பக்கத்தில் ஏற்றுமுன், “உங்கள் விருப்பம் என்ன?” என்று ஒரு சொல் கேட்பது சட்டத்துக்காக மட்டுமன்று, மரியாதைக்காகவும் வேண்டுவதாகும். தில்லி அரசாங்கம் 2019 ஆம் ஆண்டில் தன் பள்ளி வகுப்பறைகளிலேயே கண்காணிப்புக் கருவி பொருத்தி, பெற்றோர் கைப்பேசியிற் காண வகை செய்யத் தொடங்கியபோது, என் குழந்தையை மற்றவர் வீட்டார் எல்லாம் பார்ப்பதா என்று பெற்றோர் சிலரே நீதிமன்றம் சென்றதும் இதனாலேதான்.

கைப்பேசியையே பள்ளியில் ஒழித்து விடலாமே என்பர் சிலர். 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் வெளியான தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு, முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஏற்றதும் அன்று என்றது. வீட்டாரோடு தொடர்பு கொள்ளவும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் கருவி பயன்படலாம். ஆனால் வகுப்பில் அதைப் பயன்படுத்தலாகாது, பள்ளியின் பொது இடங்களிலும் பள்ளி வண்டியிலும் படமும் ஒலியும் பதியலாகாது. முடியுமாயின் பள்ளியில் ஒப்படைத்து மாலையில் வாங்கிச் செல்க. விதி மீறினால் சில காலம் கருவியைப் பறித்து வைத்தல் போதும் என்பது அதன் போக்கு. நம் தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆகவே தில்லித் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆயினும் நம் பள்ளிகள் விதி வகுக்க அஃது ஒரு நல்ல முன்மாதிரி.

வாயிலில் காவலர்

அத்தந்தையின் நெஞ்சை நடுங்கச் செய்த சொல் “போலீசு” என்பதே. பள்ளிக்குள் போலீசார் வரலாமா? வரலாம், ஆனால் எப்படி வருகிறார்கள் என்பதே கேள்வி.

கருநாடக மாநிலம் பீதரில் 2020 சனவரியில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தைப் பற்றிய நாடகம் ஒன்றை நடித்தனர். அதனை ஒருவர் படமெடுத்து முகநூலில் வெளியிட்டார். நாடகத்தின் கருத்தைப் பற்றி இங்கே நாம் பேச வரவில்லை. பின்னர் நடந்ததே நமக்குப் பாடம். அரசத் துரோக வழக்குப் பதிவாகி, பள்ளியின் பொறுப்பாசிரியை ஒருவரும், நடித்த சிறுமி ஒருத்தியின் தாயும் கைதாகி, இரு வாரங்களளவு சிறையில் இருந்தனர். போலீசார் பன்முறை பள்ளிக்கு வந்து, சீருடையுடனும் ஆயுதத்துடனும் தொடக்கப் பள்ளிச் சிறாரை வினவினர். 2021 ஆகஸ்டில் கருநாடக உயர் நீதிமன்றம், இது குழந்தைகளின் உரிமையை மீறிய செயலாகவே முதல் நோக்கில் தோன்றுகிறது என்று கூறியது. 2023 சூனில் அவ்வழக்கே தள்ளுபடி ஆயிற்று. வழக்குப் போயிற்று, அச்சிறார் கண்ட சீருடைக் கனவுகள் போயினவோ என்னவோ?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 15 வயது நிரம்பாத சிறுவனையோ, எவ்வயதுப் பெண்ணையோ, சாட்சியம் கேட்பதற்காகப் போலீசு நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது. அவர் வசிக்குமிடத்துக்குப் போலீசாரே செல்ல வேண்டும். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஒவ்வொரு போலீசு நிலையத்திலும் குழந்தை நல அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். குழந்தையின்மேற் குற்றம் சாட்டப்பட்டாலும், சீருடையின்றிச் சாதாரண உடையிலேயே அவரை அணுக வேண்டும், விலங்கிடலாகாது, காவற்கொட்டடியில் வைக்கலாகாது, பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். சிறு குற்றமாயின், முதல் தகவல் அறிக்கையே பதியாமல் நிலையத்துப் பொது நாட்குறிப்பில் எழுதுவதே பொது விதி. பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். அதற்குரிய தொலைபேசி எண் 15100. குழந்தைகளின் உதவிக்கு 1098.

போலீசார் என்றாலே பகைவர் என்று கொள்வதும் பிழை. கேரளத்தில் 2010 ஆகஸ்டு 2 ஆம் நாள் தொடங்கிய மாணவர் காவற்படைத் திட்டம் பள்ளிக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே நட்பை வளர்த்தது. 2018 இல் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் சென்னையில் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 மாணவராக 5,000 எட்டாம் வகுப்பு மாணவருக்குச் “சிற்பி” என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியராக வரும் காவலர் வேறு. அச்சுறுத்தலாக வரும் காவலர் வேறு. முன்னவரை வரவேற்போம்.

அயல்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 1950களில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் பள்ளிக்கெனக் காவலர் அமர்த்தும் வழக்கம் தொடங்கியது. நல்லெண்ணத்தில் முளைத்த அது நாடெங்கும் கிளைத்தது. 2015 அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில், கைப்பேசியை ஒப்படைக்க மறுத்த மாணவி ஒருத்தியைப் பள்ளிக் காவலர் இருக்கையோடு கவிழ்த்து இழுத்தெறிந்தார். சக மாணவர் அதனைப் படமெடுத்தனர். படமெடுக்குமாறு கூவி, அநியாயம் என்று குரல் எழுப்பிய நியா கென்னி என்னும் மாணவியும், “பள்ளிக்கு இடையூறு செய்தல்” என்னும் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டாள். அப்படம் வெளிவந்த சில நாளில் காவலர் பணியிழந்தார். அச்சட்டம் 2018 இல் மாணவருக்குப் பொருந்தாதவாறு திருத்தப்பட்டது. பழைய சட்டத்தால் மாணவர்மேல் ஏறிய வழக்குகளையும் எதிர்த்து அவளும் பிறரும் போராடினர். தெளிவற்ற அச்சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்ற தீர்ப்பை 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. வகுப்பில் நடந்த ஒரு கீழ்ப்படியாமையைப் போலீசு வழக்காக்கியதன் விளைவு இது. ஆசிரியர் தீர்க்க வேண்டியதைக் காவலர் கையிற் கொடுத்தால், பள்ளி தன் அதிகாரத்தைத் தானே இழக்கிறது.

நாம் செய்தது

நூலகத்துக்கு வந்த தந்தைக்கு நாம் சொன்னது எளியது. படத்தை அழிக்க வேண்டா; ஆனால் இன்னொருவருக்கும் அனுப்ப வேண்டா. யார் யாருக்குச் சென்றதோ அவர்களிடம் நீக்கச் சொல்லுங்கள். நாளும் நேரமும் குறித்து, நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நேரே பள்ளிக்குச் செல்வோம் என்றோம்.

சங்கத்து முதியோர் இருவர் உடன்வர, தலைமையாசிரியரைக் கண்டோம். முதலில் அவர் கேட்டதும் “யார் எடுத்தது?” என்பதே. “விதியை மீறிப் படமெடுத்தது பிழை, அதற்குரிய தண்டனையைப் பையன் ஏற்பான். ஆனால் அடித்தது அதனினும் பெரிய பிழை. 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் தடுக்கிறதே” என்று பணிவோடு சொன்னோம். அச்சட்டப்படி அமைந்த பள்ளி நிர்வாகக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும்; மொத்தத்திற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். அக்குழுவிலே பேசலாம் என்று தலைமையாசிரியரும் இசைந்தார். போலீசு என்னும் சொல் அதன்பின் எழவில்லை.

குழு கூடிற்று. ஆசிரியர் அடிபட்ட மாணவனின் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்தார். கல்வித் துறைக்கும் அறிக்கை சென்றது. நம் பையனின் கைப்பேசி இரண்டு வாரம் பள்ளியில் வைக்கப்பட்டது. எல்லாம் முடிந்ததென்று நாம் எழுந்தபோது, அடிபட்ட பிள்ளையின் தாய் வாய் திறந்தாள். அவள் நம் மொழியினள் அல்லள், இந்தியிலே சொன்னாள். “அடிபட்டதை என் மகன் இரண்டு நாளில் மறந்தான். ஆனால் கடைத்தெருவிலே பிள்ளைகள் அப்படத்தைக் காட்டிச் சிரிக்கிறார்கள். பத்து நாளாக அவன் பள்ளிக்கு வரவில்லை. படமெடுத்தவன் அவனைக் கேட்டானா?”

ஒருவரும் பேசவில்லை. அடித்தவரை விட்டுப் படமெடுத்தவனைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று என்று வாதாடச் சென்ற நாமும் தலைகுனிந்தோம். நம் வழக்கில் நியாயம் இருந்தது. ஆனால் அடிபட்டவனின் முகத்தை நாம் நினைக்கவில்லை. மறுநாள் மாலை நம் பையன் தந்தையோடு அவ்வீட்டுக்குச் சென்றான். என்ன பேசினான் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த வாரம் இருவரும் ஒன்றாகப் பள்ளிக்குச் செல்வதைப் பேருந்து நிலையத்திற் கண்டோம்.

பெற்றோர் கருத்துக்கு

இதிலிருந்து நாம் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, பிள்ளைக்குக் கைப்பேசி கொடுக்கும் அன்றே இரண்டு கேள்விகளைக் கற்பியுங்கள். “இவன் முகம் இதில் இருப்பதை இவன் விரும்புவானா? இதைத் தீர்க்க வல்லவர் யாரோ அவரிடம் காட்டுகிறேனா, வேடிக்கை பார்ப்பவரிடம் காட்டுகிறேனா?” பொறுப்புடையவரிடம் காட்டிய படம் சான்று, தெருவிற் காட்டிய படம் வேடிக்கை.

இரண்டாவது, கொடுமை ஒன்றைப் பிள்ளை கண்டு வந்து சொன்னால், “நமக்கேன் வம்பு?” என்று வாயை அடைக்காதீர்கள். பாலியற் கொடுமை எனத் தெரிந்தால் அதனை அறிவிப்பது எவருக்கும் சட்டப்படி கடமை. அறிவியாமையும் தண்டனைக்குரியது.

மூன்றாவது, பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நம்மவர் செல்வதில்லை. கூலி கெடும், மொழி தெரியாது என்பர். மொழி தெரிந்த ஒருவர் துணைக்கு வரச் சங்கம் ஆவன செய்யும். படமெடுத்தல் பற்றியும், போலீசாரை எப்போது அழைப்பது என்பது பற்றியும் எழுத்திலே ஒரு விதி வகுக்கும்படி அக்கூட்டத்திற் கேளுங்கள். அவ்விதியைத் தமிழிலும் ஒட்டச் செய்யுங்கள்.

நான்காவது, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். படக்கருவியை அஞ்சும் நிலை உங்களுக்கு நேர்ந்திருப்பதை நாங்கள் அறிவோம். உங்களைக் கேலி செய்யவே எடுத்த படங்களும் உண்டு. ஆசிரியரை மிரட்டிய மாணவர் படங்கள் தமிழ்நாட்டிலே 2022 இல் பரவியதைக் கண்டு நாங்களும் வெட்கினோம். உங்கள் அந்தரங்கமும் அந்தரங்கமே. அதைக் காக்கப் பெற்றோர் உங்கள் பக்கம் நிற்பர்.

அடுத்த முறை காட்டுச் சாலையில் வண்டி நுழையும்போது, உங்கள் குழந்தை கைப்பேசியைப் பைக்குள் வைக்கும். அப்போது அது ஏன் என்பதைச் சொல்லுங்கள். காவலர் பார்க்கிறார் என்பதனால் அன்று, அங்கே இருப்பவர் மனிதர் என்பதனால் என்று சொல்லுங்கள். வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் இருப்பவனும் அத்தகையவனே என்பது பிள்ளைக்கு அதன்பின் தானே விளங்கும்.